கையில் துட்டு இருக்கு, என்ன யாவாரம் பண்ணலாம்?

பாளையங்கோட்டையில் வரி ஆலோசகராக மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். கணக்கு கொடுக்க வருகிறவர்களுக்கு நடுவே மாதம் இரண்டு மூன்று பேராவது இப்படி வருவார்கள். வளைகுடாவிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெற்றவர், சென்னையில் வேலை போய் ஊருக்கு வந்த பையன் என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. "சார், கையில கொஞ்சம் துட்டு இருக்கு. சொந்தமா யாவாரம் பண்ணணும். என்ன யாவாரம்னுதான் தெரியல. நீங்க நூறு பேரு கணக்கு பாக்கீங்கள்லா, எது ஓடும்னு சொல்லுங்க."

என்ன தொழில் என்று தெரியாமல் இருப்பதில் தப்பே கிடையாது. என்ன செய்வது என்று தெரியாதவர் கையில் துட்டு இருக்கிறது என்பது வெளியே தெரிவதுதான் ஆபத்து. தன் யோசனையை அவர் தலையில் கட்ட யாராவது வந்துவிடுவார்கள்.

வீரவநல்லூர் பக்கத்தில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். 2018 ஆவணியில் பேப்பர் கப் மெஷின் வாங்கினார். "மெஷினும் எங்களுடையது, பேப்பரும் எங்களுடையது, செய்த கப்பை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்ற விளம்பரம்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை என்று ஜூன் மாதமே அறிவித்தாயிற்று. பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. விற்றவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? முதல் இரண்டு லோடை எடுத்தார்கள். மூன்றாவதில் தரம் சரியில்லை என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தார். மெஷின் இன்றைக்கும் தார்ப்பாய்க்குள் இருக்கிறது.

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் பணம் போட்டு இழந்தவர்கள் கதையும் இதே கதைதான். செய்கிற பொருளை வாங்க யார் இருக்கிறார்கள் என்பதை, நமக்கு மெஷின் விற்கிறவரிடமோ குஞ்சு விற்கிறவரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், களக்காட்டுக்காரர் ஒருவர் துபாயில் டிரைவர் வேலையை விட்டுவிட்டு வந்தார். கையில் எட்டு லட்சம். பெயர் போட்ட டீக்கடை ஒன்றின் கிளையை ஏழு லட்சத்துக்கு எடுக்கலாமா என்று கேட்டார். பேப்பரை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். வாடகை 18,000, இரண்டு ஆள் சம்பளம் 30,000, கரண்ட் 6,000, அந்த ஏழு லட்சத்துக்கு வட்டியாக ஒரு 6,000. மாதம் 60,000, நாளைக்கு 2,000. ஒரு டீயில் ஐந்து ரூபாய் நிற்கும் என்று வைத்தாலும், தினமும் 400 டீ விற்ற பிறகுதான் தனக்கென்று முதல் ரூபாயைப் பார்ப்பார். பிடித்திருந்த இடத்தில் 400 டீ ஓடுமா என்று கேட்டேன். "நான் அங்க போயி நின்னு பாக்கலயே சார்" என்றார். நல்ல மனுசன், உண்மையைச் சொன்னார்.

எட்டு லட்சத்தையும் வங்கியில் போட்டுவிட்டு, தெரிந்தவர் கடை எதிலாவது இரண்டு மாதம் சம்பளமில்லாமல் நிற்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. துபாய் போய் வந்தவன் கல்லாப் பக்கத்தில் எடுபிடியாக நிற்பதா? எனக்கு அது புது யோசனையும் இல்லை. சென்னையிலும் மும்பையிலும் பலசரக்குக் கடை போட்ட நம்மூர் அண்ணாச்சிகள் எத்தனையோ பேர், யாரோ ஒருவர் கடையில் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பையன்கள்தான். ஊரைவிட்டுப் போகும்போது அவர்களிடமும் திட்டம் ஒன்றும் கிடையாது. எந்தச் சரக்கு எத்தனை நாளில் திரும்பும், யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்பதெல்லாம் நின்ற இடத்தில் கற்றது.

ஜப்பானில் சோனியை ஆரம்பித்தவர்களுக்கும் இதே நிலைமைதான். 1946-இல் கம்பெனி தொடங்கியபோது எதைச் செய்து விற்பது என்று அவர்களுக்குத் தீர்மானமில்லை. மரத்தொட்டியில் மின்சாரத்தைக் கொடுத்துச் சோறு வடிக்கிற பாத்திரம் ஒன்று செய்து பார்த்தார்கள். சோறு ஒருநாள் குழைந்தது, ஒருநாள் வேகவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு ரேடியோ பழுதுபார்த்தார்கள். அவர்களுடைய டிரான்சிஸ்டர் ரேடியோ கடைக்கு வந்தது 1955-இல். ஒன்பது வருடம்! நடுவில் அரிசி கொஞ்சம் வீணானது, அவ்வளவுதான். நம் ஆட்கள் வீட்டுக்காரி நகையை அல்லவா முதலில் அடகு வைக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. என்ன தொழில் என்று முடிவாகாமலே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிந்து, ஜிஎஸ்டி எண் வாங்கி, விசிட்டிங் கார்டும் அடித்துவிட்டு வருவார்கள். ஒரு ரூபாய்கூட விற்காத கம்பெனிக்கும் வருடா வருடம் ஆடிட் உண்டு. ஆண்டுப் படிவங்களைத் தாமதமாகக் கொடுத்தால் ஒரு படிவத்துக்கு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம். ஜிஎஸ்டியில் வியாபாரமே இல்லாவிட்டாலும் ரிட்டன் போட்டாக வேண்டும். பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தையும் சேவை தருபவருக்கு 20 லட்சத்தையும் தாண்டும்வரை பொதுவாக அந்த எண் தேவையில்லை. ஆனால் நமக்குக் கேரளா பக்கம் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வரி உள்ள சரக்கை ஆரியங்காவு தாண்டி அனுப்பினால் இந்த 40 லட்ச வரம்பு உதவாது, முதல் லோடுக்கே பதிவு வேண்டும். சிறு, குறு தொழில்களுக்கு அரசு தருகிற உத்யம் பதிவு இலவசம். அதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

மானியம் வருகிறது என்பதற்காகத் தொழில் தேடுகிறவர்களும் வருவார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியத் தொகை கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக நிற்கும், தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். புராஜெக்ட் ரிப்போர்ட்டை இடைத்தரகரிடம் ரெடிமேடாக வாங்கிக் கொடுத்தவர், அதில் எழுதியிருக்கிற தொழிலை நடத்தியாக வேண்டும். ஒருவர் ரிப்போர்ட்டில் செங்கல் சூளை இருந்தது. அவருக்கு அதில் என்ன தெரியும் என்று கேட்டேன், சிரித்தார்.

சரி, களக்காட்டுக்காரர். மூன்று நாள் கழித்துப் போன் பண்ணினார். நெல்லை வண்ணாரப்பேட்டையில் மெஸ் வைத்திருக்கிற மச்சானிடம் போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். அது ஆடி மாதம். மேல்காற்றில் தோட்டத்து வாழை இலையெல்லாம் நாராகக் கிழிந்து தொங்குகிற காலம். கட்டுக்குக் காசு கொடுத்து வாங்கிய இலையில் கால்வாசியைத் தினமும் குப்பையில் போட்டார்கள். மிச்சத்தை அளவுக்கு வெட்டித் துடைக்க ஒரு ஆள் காலை முழுக்க உட்கார வேண்டியிருந்தது. மச்சான் அதைக் காற்றின் தலையில் போட்டுத் திட்டிக்கொண்டே இருந்தார். இவருக்கு அது கணக்காகத் தெரிந்திருக்கிறது. பிறந்ததே வாழைக்காட்டுக்குள்.

நல்ல இலையாகப் பொறுக்கி, நுனி தனி, ஏடு தனியாக வெட்டித் துடைத்து, நூறு நூறாக எண்ணி மச்சான் மெஸ்ஸுக்கு மட்டும் ஒரு மாதம் போட்டார். பிறகு பக்கத்து ஓட்டல் கேட்டது. போட்ட முதல், பழைய லோடு ஆட்டோவோடு சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள். மீதி வங்கியில்தான். இப்போது பதினோரு கடைக்குப் போடுகிறார். இரண்டு கடைக்காரர்கள் துட்டு தராமல் இழுத்தடிக்கிறார்கள், அதற்குத்தான் போன வாரம் வந்திருந்தார். தொழிலுக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மலையோரம் காற்று மறைவில் இருக்கிற தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரிடம் அடுத்த ஆடிக்கு இப்போதே பேசி வைத்திருக்கிறாராம். முன்பணம் கொடுத்தால் சீட்டு எழுதி வாங்கணுமா என்று கேட்டார். எழுதி வாங்கச் சொன்னேன்.