மேக்ரோ: சிறியதை எடுக்கும் லென்ஸுக்குப் பெரியது என்று பெயர்

திருவாவடுதுறையில், நாகசுவரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி செய்வதை என் அக்கா மகன் வீடியோ எடுத்துக்கொண்டிருக்கிறான். காவிரிக் கரையில் வளரும் கொறுக்கைத் தட்டையை நறுக்கிப் பதப்படுத்தி, கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் நூலால் கட்டுவது வரை படம் பிடித்துவிட்டான். சீவாளியின் வாய் மட்டும் அவனுக்கு அகப்படவில்லை. கேமராவை அருகில் கொண்டுபோனால் மங்குகிறது, தள்ளிவைத்தால் கடுகாகிவிடுகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு என்னிடம் வந்தான்.

“மாமா, மேக்ரோ என்றால் பெரியது என்றுதானே கல்லூரியில் படித்தேன்? பேரியல் பொருளாதாரம் என்று தனிப் பாடமே இருந்ததே. இத்துணூண்டு சீவாளி வாயை எடுக்கிற லென்ஸுக்குப் பெரியது என்று யார் பெயர் வைத்தார்கள்?”

கேள்வி சரிதான். ‘மக்ரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நீண்டது, பெரியது என்று பொருள். அதற்கு எதிர்ச்சொல் ‘மிக்ரோஸ்’, சிறியது. நுண்ணோக்கி வழியாக எடுக்கும் படத்துக்கு ஏற்கெனவே மைக்ரோகிராஃப் என்ற பெயர் நிலைத்திருந்தது. நுண்ணோக்கி அளவுக்குப் போகாமல், பத்து மடங்குக்கும் குறைவாகப் பெருக்கிய படத்தைத் தனியே பிரித்துச் சொல்ல வேண்டியிருந்ததால், 1899இல் டபிள்யூ. எச். வாம்ஸ்லி என்பவர் ‘ஃபோட்டோ மேக்ரோகிராஃப்’ என்ற சொல்லை முன்வைத்தார். ஆக, இங்கே பெரியது என்பது பொருளும் அல்ல, லென்ஸும் அல்ல. படத்தில் விழும் உருவம்தான் பெரியது.

இது நமக்குப் புதிய வழக்கமும் இல்லை. நெற்பயிரின் தூரை விலக்கிப் புகையான் இருக்கிறதா என்று பார்க்கப் பூதக்கண்ணாடியைத்தான் எடுக்கிறோம். அந்தக் கண்ணாடி உள்ளங்கையில் அடங்கும். புகையானோ நான்கு மில்லிமீட்டரை ஒட்டிய பூச்சி. பூதம் இரண்டிலும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற உருவத்தில் இருக்கிறது. கிரேக்கம் தெரியாமலே நம் ஆட்கள் அதே வழியில் பெயர் வைத்திருக்கிறார்கள், அதுவும் கூடுதல் குறும்போடு!

லென்ஸ் செய்பவர்கள் அத்தனை பேரும் இந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. 1955இல் கில்ஃபிட் நிறுவனம் தன் லென்ஸுக்கு ‘மேக்ரோ கிலார்’ என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டு ஜப்பானில் நிக்கான் வெளியிட்டதோ ‘மைக்ரோ நிக்கோர்’. சீன எழுத்து வடிவங்கள் நெருக்கமாக நிறைந்த ஜப்பானியப் பக்கங்களை மிகச் சிறிதாக்கிச் சேமிக்கும் மைக்ரோஃபிலிமில் தெளிவாகப் பதிய வேண்டும் என்பதே அதன் பிறப்புக் காரணம். நிக்கான் இன்றுவரை மைக்ரோ என்றே எழுதுகிறது. பழைய லென்ஸ் தேடுபவர்கள் மேக்ரோ என்ற எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், 55 மி.மீ. மைக்ரோ நிக்கோர் போன்ற நல்ல சரக்கைத் தவறவிட்டுவிடுவார்கள்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் கும்பகோணத்தில் ஒரு கடையில் நான் வாங்கிய ஜூம் லென்ஸின் உடம்பில் மேக்ரோ என்று மஞ்சள் எழுத்தில் பொறித்திருந்தது. ஆசையோடு வயலுக்கு எடுத்துப்போனேன். அது தந்தது பொருளின் உண்மை அளவில் கால் பங்குதான். விளம்பரத்துக்காக அந்தச் சொல்லை யாரும் எதன் மேலும் பொறிக்கலாம். ஆகவே பார்க்க வேண்டியது சொல்லை அல்ல, அதன் பக்கத்தில் இருக்கும் விகிதத்தை.

1:1 என்றால், பொருள் எவ்வளவு அகலமோ அதே அகலத்தில் அதன் உருவம், கேமராவுக்குள் படத்தைப் பதியும் சென்சாரில் விழுகிறது. பல கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. நம் 2011 வரிசை ஐந்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 23 மி.மீ. கடைக்கு அதை எடுத்துப்போங்கள். லென்ஸை எவ்வளவு அருகில் குவிய வைக்க முடியுமோ அவ்வளவு அருகில் வைத்து, ஏபிஎஸ்-சி கேமராவில் நாணயத்தைப் பாருங்கள். மேலும் கீழும் வெட்டுப்பட்டு, இடமும் வலமும் அது திரையை நிறைத்தால் 1:1. பாதித் திரையோடு நின்றுவிட்டால் 1:2. இந்தச் சோதனையை எனக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் அந்த ஜூம் இன்றைக்குப் பீரோவில் தூங்கிக்கொண்டிருக்காது.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில் லென்ஸ். அது இலத்தீனில் ஒரு பருப்பின் பெயர். உடைக்காத மைசூர் பருப்பை விரலிடுக்கில் பிடித்துப் பாருங்கள்: இருபுறமும் புடைத்த குவிலென்ஸ் அது. இலங்கைப் பாடநூல்கள் இதற்கு ‘வில்லை’ என்கின்றன. கற்பூர வில்லை, அஞ்சல் வில்லை என்று நாமும் புழங்குகிற சொல்தான். சின்னதாகவும் தட்டையாகவும் இருக்கும் பொருளுக்குப் பொருந்தும் பெயர். எனக்குப் பிடிக்கும். லென்ஸ் என்று எழுதுவோரிடமும் எனக்குச் சண்டை இல்லை.

மேக்ரோவில்தான் தகராறு. பொருளாதாரப் பாடத்தைப் பின்பற்றிப் ‘பேரியல் வில்லை’ என்றால் பீரங்கி மாதிரியான லென்ஸ் என்று நினைப்பார்கள். ‘அண்மை வில்லை’ காதுக்கு இனிமைதான். ஆனால் அண்மைக் காட்சி என்பது திரைப்படக்காரர்கள் முகத்தை நெருங்கிக் காட்டுவதற்கு வைத்த பெயர். மேலும், அருகில் போகிற லென்ஸெல்லாம் மேக்ரோ ஆகிவிடாது, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் தள்ளி நின்றே வேலையை முடித்துவிடும். என் பரிந்துரை ‘மெய்யளவு வில்லை’. அளவை வைத்தே பெயர் சொல்வதால் விகிதங்களும் தமிழில் வந்துவிடுகின்றன: 1:1 மெய்யளவு, 1:2 அரையளவு, 2:1 இருமடங்கு. ‘இது மெய்யளவா, அரையளவா?’ என்று கேட்டால் கடைக்காரர் நழுவ முடியாது.

குவியத்தைக் கையால் திருகும் லென்ஸை மேனுவல் என்பார்கள்; அந்தச் சொல்லுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. இலத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை, தமிழில் கையியக்கம். வீடியோவுக்கு இது குறையே அல்ல. தானியங்கிக் குவியம் இவ்வளவு நெருக்கத்தில் முன்னும் பின்னும் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் அப்படியே காட்சியில் பதிந்துவிடும். விலை குறைவதற்கும் இந்தக் கையியக்கம் ஒரு காரணம்.

குறைந்த விலையில் மெய்யளவு தரும் கையியக்க லென்ஸ்களில், ஏபிஎஸ்-சி கேமராவுக்கு டிடிஆர்ட்டிசன் 40 மி.மீ., செவன் ஆர்ட்டிசன்ஸ் 60 மி.மீ. இரண்டும் உண்டு. சற்றுக் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் லாவோவா 65 மி.மீ. இருமடங்கு வரை போகும். லென்ஸின் பெயரோடு வரும் மி.மீ. எண்ணை, அதாவது குவியத் தொலைவைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மெய்யளவில் பொருளுக்கும் சென்சாருக்கும் இடையே தோராயமாகக் குவியத் தொலைவைப் போல் நான்கு மடங்கு தூரம் இருக்கும். 40 மி.மீ. என்றால் 16 செ.மீ. அதில் கேமராவும் லென்ஸும் அடைத்துக்கொண்டது போக மிஞ்சுவது விரற்கடைகள்தான். லென்ஸின் நிழலே சீவாளியின் மேல் விழும். 60 என்றால் 24 செ.மீ. விளக்கு வைக்க இடம் கிடைக்கும்.

விளக்கு கட்டாயம் வேண்டும். எஃப் எண் என்பது ஒளி நுழையும் திறப்பைக் குறிப்பது, எண் கூடினால் திறப்பு குறுகும். மெய்யளவுக்குப் போகும்போது எஃப் 2.8 லென்ஸ் ஒளியளவில் எஃப் 5.6 போல நடந்துகொள்ளும். நான்கில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். எஃப் 8 வைத்தாலும் கூர்மையாகத் தெரியும் ஆழம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். எனவே குவிய வளையத்தைத் திருகிக்கொண்டிருக்காமல், கேமராவையே சறுக்குத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்த்துவது நல்லது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வைத்தால் விளக்கின் சிமிட்டல் வராது. இந்த லென்ஸ்களில் மின்தொடர்பு இல்லை. ‘லென்ஸ் இல்லாமலும் இயங்கு’ என்ற அமைப்பைக் கேமராவில் இயக்கி வைக்காவிட்டால் சில கேமராக்கள் படமே எடுக்காது. லென்ஸ் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

மாப்பிள்ளை 60 மி.மீ. வாங்கினான். பார்சல் வந்த அன்று சீவாளிப் பட்டறைக்கு விடுமுறை. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் சம்பா வயலில் கதிரின் அருகே முக்காலியை ஊன்றிக் காத்திருந்தான். நெற்பூ ஒரு மணி நேரம் போலத்தான் திறந்திருக்கும். காற்று சற்று ஓய்ந்த நேரத்தில் உமி இரண்டாகப் பிளந்தது. “மாமா, ஆறு இருக்கிறது,” என்றான். மஞ்சள் மகரந்தப் பைகளைத்தான் எண்ணியிருக்கிறான்.