பெர்மாஃப்ராஸ்ட்: ‘நிரந்தர உறைபனி’ சரியா?

ஆண்டுக்கணக்கில் உறைந்தே கிடக்கும் நிலத்தைக் குறிக்கும் பெர்மாஃப்ராஸ்ட் என்பதைத் தமிழில் ‘நிரந்தர உறைபனி’ என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். அதில் ‘நிரந்தர’மும் தவறு, ‘பனி’யும் தவறு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை உண்டாக்கியவர் சைமன் முல்லர் என்ற நிலவியலாளர். அமெரிக்க ராணுவத்துக்காக 1943இல் எழுதிய அறிக்கையில், ‘நிரந்தரமாக உறைந்த நிலம்’ என்ற நீண்ட தொடரை இப்படிச் சுருக்கினார். பெயரில்தான் நிரந்தரம். வரையறையோ, தொடர்ந்து 2 ஆண்டுகளாவது 0 டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம் என்கிறது. மண்ணோ பாறையோ, எதுவானாலும் சரி. உள்ளே பனிக்கட்டி இருந்தே ஆகவேண்டும் என்றுகூட இல்லை.

அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு அந்த ‘நிரந்தரம்’ எவ்வளவு தவறு என்று கண்ணெதிரே தெரிகிறது. அங்கே உள்ளே போக ஒரே சாலை, 92 மைல் நீளம். கோடையில் சொந்தக் காரில் 15 மைல்தான் போகலாம், அப்புறம் பேருந்துதான். டெனாலி மலையைக் கண்நிறையப் பார்க்க, முன்பெல்லாம் 66வது மைலில் உள்ள ஐல்சன் பார்வையாளர் மையத்துக்குப் போவார்கள். நடுவே 45வது மைல் பக்கம் பிரிட்டி ராக்ஸ் என்ற சரிவு. அதன் அடியில் உறைந்து கிடந்த நிலம் இளக இளக, சாலை கீழே நகர்ந்தது. 2014க்கு முன்பு ஆண்டுக்குச் சில அங்குலம். 2017இல் மாதத்துக்குச் சில அங்குலம். 2019இல் நாளுக்கே சில அங்குலம். சரளைக் கொட்டிக் கொட்டிச் சமாளித்தார்கள். 2021 ஆகஸ்டில் சாலையை மூட வேண்டியதாயிற்று. அடுத்து வந்த கோடைகளில் பேருந்துகள் 43வது மைலோடு திரும்பின.

அலாஸ்காவின் உட்பகுதியில் ‘குடிகாரக் காடு’ என்று ஒரு பேச்சு உண்டு. கறுப்பு ஸ்புரூஸ் மரத்தின் வேர் ஆழம் போகாது. அடியில் நிலம் தளர்ந்தால் ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமுமாகச் சாய்ந்து நிற்கும். பார்க்கவே மனம் என்னவோ செய்யும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? நான் ‘உறைநிலம்’ என்றே எழுதுகிறேன். பாலில் ஒரு கரண்டி மோர் விட்டால் உறைகிறதே, அதே உறைதல்தான். இது வினைத்தொகை: உறைந்த நிலம், உறைகின்ற நிலம், உறையும் நிலம் என மூன்று காலமும் இதில் அடங்கும். என்றைக்கும் மாறாது என்ற பொய் இதில் இல்லை.

வினையிலும் கவனம் வேண்டும். ‘பெர்மாஃப்ராஸ்ட் உருகுகிறது’ என்று செய்திகளில் வருகிறது. பனிக்கட்டிதான் உருகும், மண்ணும் கல்லும் உருகி ஓடுவதில்லை. நிலம் இளகும். வெயிலில் வெல்லம் இளகுவதைச் சொல்ல நமக்கு வார்த்தை இருக்கும்போது, இதற்கு மட்டும் ஏன் தேட வேண்டும்? இப்படி எழுதலாம்: உறைநிலம் இளகியதால் டெனாலிச் சாலை மூடப்பட்டது.