கடற்காற்றில் இரும்பைப் பற்றவைக்க ஏற்ற ஃபிளக்ஸ் கோர் கம்பி எது?

வடசென்னையில் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலை ஒட்டியுள்ள தெருக்களில் ஜன்னல் கிரில்லுக்கும் மாடிப்படிக் கைப்பிடிக்கும் ஆயுள் குறைவு. உப்புக்காற்று அரித்த இடங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ள விரும்பி, ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரத்தைப் பலர் வாங்குகின்றனர். வாங்கும்போது ஆம்பியரை நுணுகி ஒப்பிடுபவர்கள், உருகி இணைப்பை நிரப்பும் கம்பியின் சுருளை மட்டும் கடைக்காரர் எடுத்துத் தந்தபடி வாங்கிவிடுகின்றனர். பற்று, அதாவது பற்றவைத்த இணைப்பு, உறுதியாக நிற்குமா என்பதில் இயந்திரத்துக்கு நிகரான பங்கு, ஃபிளக்ஸ் கோர் எனப்படும் குழாய்க் கம்பிக்குள் இருக்கும் தூளுக்கு உண்டு.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். உருகிய இரும்பு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் எளிதில் கரைத்துக்கொள்ளும். ஆனால் அது உறையத் தொடங்கியதும் அவ்வளவு வாயுவை வைத்துக்கொள்ள இயலாது. வெளியேற முடியாமல் சிக்கிய வாயு, பற்றின் உள்ளே துளைகளாகத் தங்கிவிடும். பட்டறைகளில் சிஓ2 வெல்டிங் என்று சொல்லப்படும் முறையில், சிலிண்டரிலிருந்து வரும் வாயு இந்தக் காற்றை விலக்கி நிற்கிறது. ஆனால் நண்பகலுக்குப் பின் கடற்காற்று வீசும் மொட்டை மாடியில் அந்த வாயுத் திரை நிலைக்காது.

ஃபிளக்ஸ் கோர் கம்பியை, உள்ளும் புறமும் மாற்றிய வெல்டிங் ராடு என்றே கருதலாம். ராடில் வெளிப்பூச்சாக இருப்பது இங்கே மெல்லிய எஃகுக் குழாயின் உள்ளே தூளாக அடைபட்டிருக்கிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வணிகப் பயன்பாட்டுக்கு வந்த இக்கம்பிகளில், சிலிண்டரே தேவைப்படாத வகை தனிச்சிறப்புடையது. அதன் தூளில் உள்ள சில சேர்மங்கள் வெப்பத்தில் ஆவியாகி உருகிய இரும்பைச் சூழ்கின்றன. சில, கசடாக மேலே மிதந்து அதை மூடுகின்றன. இவற்றையும் தாண்டி உள்ளே நுழையும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும், தூளிலுள்ள அலுமினியமும் மக்னீசியமும் திடச் சேர்மங்களாகப் பிணைத்துவிடுகின்றன. காற்றை முழுவதும் தடுக்காமல், நுழைந்ததைச் செயலிழக்கச் செய்வதாலேயே இக்கம்பியால் ஓரளவு காற்றிலும் பற்றவைக்க முடிகிறது.

கம்பிப் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் குறியீடு இவ்வகையை அறியத் துணைசெய்யும். அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் முறைப்படி ஈ71டி-11 (E71T-11) என்பதில் 7 என்ற எண், பற்றவைத்த உலோகம் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 70,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 480 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும் என்பதைக் குறிக்கிறது. அடுத்த 1, செங்குத்து, தலைக்கு மேல் உட்பட எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம் என்பதையும், டி குழாய்க் கம்பி என்பதையும் சொல்கின்றன. வாங்குபவர் மிகக் கவனிக்க வேண்டியது கடைசிப் பகுதியை.

அங்கே 1 என்றிருந்தால், அக்கம்பி வெளிவாயுவின் துணையை நம்பித் தயாரிக்கப்பட்டது. எண்ணூர், மணலி போன்ற தொழிற்பகுதிகளின் பட்டறைகளுக்கு இதுவே பொருத்தம். சிலிண்டர் இல்லாத வீட்டில் இதைப் பயன்படுத்தினால் பற்று துளைத்துப்போகும். இரண்டுக்கும் ஃபிளக்ஸ் கோர் என்ற பெயரே இருப்பதால் கடையில் இக்குழப்பம் எளிதில் நேரும். வீட்டுக்குத் தேவை 11 அல்லது ஜிஎஸ் (GS) என்று முடியும் கம்பி. இவ்விரண்டுக்கும் பொதுவாக டார்ச் நெகட்டிவிலும் எர்த் கிளாம்ப் பாசிட்டிவிலும் இணைக்கப்பட வேண்டும்; தூள் இல்லாத சாதாரண கம்பியோடு வாயுவைப் பயன்படுத்தும் இணைப்புக்கு இது நேர்மாறானது.

ஜிஎஸ் ஒரே அடுக்காகப் பற்றவைப்பதற்கு மட்டுமே உரியது. ஒற்றை அடுக்கில், உருகும் தகட்டின் இரும்பு கணிசமாகக் கலந்து அலுமினியத்தின் செறிவைக் குறைத்துவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அவ்வாறு நீர்த்துப்போக வழியின்றி அலுமினியம் மிகுந்து, உலோகம் நொறுங்கும் தன்மையை அடையக்கூடும். 11 வகையில் அலுமினியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருப்பதால் அதைப் பல அடுக்குகளுக்கும் பயன்படுத்தலாம். முதல் பற்று சரியாக அமையாமல் அதன் மேலேயே மீண்டும் ஓட்டுவது வீட்டு வேலையில் இயல்பு என்பதால், விலை சற்றுக் கூடுதலானாலும் 11 வகையையே நான் பரிந்துரைப்பேன். எடையைத் தாங்கும் தண்ணீர்த் தொட்டிச் சட்டத்துக்கு ஜிஎஸ் வேண்டவே வேண்டாம்.

தடிமனில் 0.8 அல்லது 0.9 மில்லிமீட்டர் போதும். 1.2 மில்லிமீட்டர் கம்பியின் குறுக்குப் பரப்பு 0.8 மில்லிமீட்டர் கம்பியினுடையதைப் போல் 2.25 மடங்கு, அதை உருக்கும் மின்னோட்டம் சிறிய இயந்திரத்திடம் இராது. இயந்திரத்தில் கம்பியைத் தள்ளும் உருளை சொரசொரப்பானதாக இருப்பது நல்லது. வழுக்குகிறதென்று வழவழப்பான உருளையை இறுக்கினால், உள்ளீடு தூளான இக்கம்பி நசுங்கி டார்ச்சுக்குள் சிக்கும்.

இக்கம்பியின் புகை அதிகம். அதோடு ஜிஐ பைப்பின் மேல் பூசப்பட்டிருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிப்பது; இரும்பு உருகுவதற்கோ சுமார் 1,500 டிகிரி வேண்டும். ஆதலால் இரும்பு உருகுமுன்பே எழும் துத்தநாகப் புகை குளிர்காய்ச்சலை உண்டாக்கும். பற்றவைக்கும் இடத்தில் அப்பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, திறந்தவெளியில், புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று வேலை செய்ய வேண்டும்.

வடசென்னையில் கம்பியின் பெரும் பகை ஈரம். தட்டையான எஃகுப் பட்டையை மடித்தே குழாய் ஆக்குவதால், பலவகைக் கம்பிகளில் நெடுக ஒரு மெல்லிய இணைப்புக் கோடு இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று தூளை அடைகிறது. மின்வில்லின் வெப்பத்தில் நீர் பிரிந்து தரும் ஹைட்ரஜன், பற்றில் துளைகளையும், கசடை நீக்கியதும் புழு ஊர்ந்த தடம் போன்ற கோடுகளையும் விட்டுச்செல்லும். துரு ஏறிய கம்பியை உப்புத்தாளால் தேய்த்தால் மேற்புறம் மட்டுமே பளபளக்கும். உள்ளே புகுந்த ஈரம் அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத டப்பாவில் வைக்க வேண்டும். எப்போதாவது கிரில் ஒட்டுபவருக்கு, கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும் 5 கிலோ சுருளைவிட, துருப்பிடிக்குமுன் தீர்ந்துவிடும் 1 கிலோ சுருளே ஏற்றது.