வாளிக் குழாயைக் கழற்றிப் பார்த்தீர்களா? டிசம்பர் ஜிஞ்சர் பியருக்கு முன் கொஞ்சம் சுத்தம்

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல வீடுகளில் ஜிஞ்சர் பியர் வாளி பரணிலிருந்து இறங்கிவிடும். இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கும் பானம் அது. கிறிஸ்துமஸ் கொண்டாடுகிற வீடு, கொண்டாடாத வீடு என்ற பேதமெல்லாம் இல்லை. மாரியம்மன் படத்துக்கு நேர் கீழேயே இருபது லிட்டர் வாளி மூடிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்ப்பது ஒரு பானத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில். அதனால் அந்த மாதம் முழுக்க உறவுக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் வரும் புகார்களும் ஒரே மாதிரிதான்: வினிகர் மாதிரி ஆயிடுச்சு, கோழை மாதிரி இழுக்குது, ராத்திரி பாட்டில் வெடிச்சிருச்சு. கூடவே ஒரு வரி கட்டாயம் இருக்கும்: "ஜிக் ஊத்தித்தானே கழுவினேன்!" ஜிக் என்பது இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் பிளீச்.

ஊற்றியிருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் ஜிக்கில் இருக்கும் குளோரின் அழுக்கையும் கிருமியையும் பிரித்துப் பார்க்காது. காய்ந்த சர்க்கரைப் பாகு, பழைய ஈஸ்ட் படிவு, இஞ்சி நார் என முதலில் கையில் கிடைப்பதோடு வினைபுரிந்து அங்கேயே தீர்ந்துபோகும். அடியில் ஒட்டியிருக்கும் வழவழப்பான படலத்துக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவுக்கு ஒன்றும் ஆகாது. எங்கள் ஆலையிலும் குழாய்களை முதலில் காரக் கரைசலால் அலசி, அழுக்கு போனதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் கிருமிநீக்கி உள்ளே போகும். வரிசையை மாற்றினால் மருந்து வீண்.

போன வருடம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு அக்கா வீட்டில் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே பளபளவென்று இருந்தது.

"குழாயை எப்பக்கா கடைசியா கழட்டினீங்க?"

"அதை ஏன் தம்பி கழட்டணும்? கழட்டினா ஒழுகுமே!"

கழற்றினோம். ரப்பர் வாஷருக்குப் பின்னால் பழுப்பாக ஒரு வளையம். விரலால் தொட்டால் சோப்பு போல வழுக்கியது, முகர்ந்தால் பழைய மாவும் வினிகரும் கலந்த வாடை. வாளியில் இறக்கிய ஒவ்வொரு சொட்டும் அந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டுதான் பாட்டிலுக்குப் போயிருக்கிறது. அன்றைக்கு அந்த வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக மாட்டினோம். ஹார்ட்வேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பொருள்.

இஞ்சியையும் சர்க்கரையையும் தண்ணீரில் கொதிக்க வைத்துத்தான் பலரும் செய்கிறார்கள். கொதிக்கும்வரை கவலை இல்லை. ஆறத் தொடங்கிய பிறகு அதைத் தொடும் கரண்டி, வடிகட்டி, மல்துணி, புனல், குழாய், பாட்டில், மூடி எல்லாம்தான் என் கணக்கில் வரும். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஆறிய பானத்தைக் கலக்க டிராயரிலிருந்து மரக்கரண்டியை அப்படியே எடுப்பவர்களை என்ன சொல்வது!

கழுவ வெந்நீர், வாசனை குறைந்த பாத்திர சோப்பு, நீளமான பாட்டில் பிரஷ் போதும். பிடிவாதமான கறைக்குச் சோடியம் பெர்கார்பனேட் தூள் கரைத்து ஊறவைக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் கம்பி நாரும் பச்சை ஸ்கிரப்பரும் வேண்டாம். அவை போடும் கீறலுக்குள் பிரஷ் நுழையாது, கிருமி நுழையும். உள்ளே கீறல் விழுந்த வாளியைத் துணி ஊறவைக்க வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கூல்ட்ரிங்க் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும், அதற்கு வெதுவெதுப்பான நீர்தான்.

இனி ஜிக். லேபிளில் 3.5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருக்கும் சாதாரண ஜிக் மட்டும், மணமூட்டியதோ கெட்டியானதோ கூடாது. ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. பத்து லட்சத்தில் ஏறக்குறைய 175 பங்கு வரும், அது போதும். பத்து நிமிடம் ஊறட்டும். கையளவுக்கு ஊற்றுவதால் கூடுதல் சுத்தம் கிடைக்காது. மிச்சமாகும் குளோரின் பானத்திலுள்ள பொருள்களோடு சேர்ந்து மருந்துக்கடை வாடை அடிக்க வைக்கும். ஸ்டீல் பாத்திரத்தை நெடுநேரம் ஊறப்போட்டால் பொத்தல் பொத்தலாக அரிக்கும். கலந்த கரைசலை அன்றே கொட்டிவிடுங்கள், நாளாக ஆக வீரியம் போய்விடும்.

பானத்தில் புளிப்புக்குச் சேர்க்கும் டார்டாரிக் ஆசிட் பாக்கெட்டும் அதே மேசையில் இருக்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: ஜிக்கோடு எந்த அமிலமும் சேரக்கூடாது. டார்டாரிக் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவானாலும் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் சாத்திய சமையலறையில் அது விளையாட்டல்ல.

ஊறவைத்த பிறகு அலசும் தண்ணீர் எது? 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட்டின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்தப் பகுதியே மாதக்கணக்கில் டேங்கர் லாரித் தண்ணீரை நம்பி வாழ்ந்தது. இன்றும் குழாய் நின்றால் மழைநீர் பிடித்து வைக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டியைத்தான் திறக்கிறோம். கூரையில் விழுந்த மழைத்தண்ணீரில் கடைசி அலசு அலசினால் அதுவரை செய்ததெல்லாம் பாழ். கொதிக்க வைத்து ஆறிய நீரால் அலசுங்கள். அலுப்பாக இருந்தால், வீட்டில் பியர் போடுபவர்களுக்கான ஹோம்ப்ரூ கடைகளில் பாஸ்பாரிக் அமிலம் கலந்த, அலசத் தேவையில்லாத கிருமிநீக்கி கிடைக்கிறது. லேபிள் சொல்லும் அளவில் கலந்து ஓரிரு நிமிடம் நனைத்தால் சரி, நுரை மிஞ்சியிருந்தால் பயமில்லை. நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். அதையும் ஜிக்கோடு கலந்துவிடாதீர்கள், அதுவும் அமிலம்தான்.

புளிக்கிற வாளியை நெருக்கமான துணியால் மூடி நூலால் கட்டுங்கள். பழ ஈ தன் காலில் வினிகர் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு வரும். 2020 மார்ச் 27 முதல் மே கடைசி வரை கொரோனா ஊரடங்கில் மது விற்பனைக்குத் தடை இருந்தபோது ஊரே அன்னாசி பியர் போட்டது. தோலோடு போடும் அந்தப் பானத்தில் என்ன ஈஸ்ட் வளரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பாத்திரச் சுத்தம் பாதி காவல்தான்.

வெடிக்கும் பாட்டிலுக்கு வருவோம். வெளியிலிருந்து நுழையும் சில ஈஸ்டுகள் சாதாரண ஈஸ்ட் தொடாத சர்க்கரையையும் தின்று பாட்டிலை வெடிக்க வைப்பதுண்டு. ஆனால் ஜிஞ்சர் பியரில் பெரும்பாலும் காரணம் நாம் போட்ட சர்க்கரையே. ஐந்து லிட்டருக்கு ஒரு கிலோ என்றால் லிட்டருக்கு 200 கிராம். ஒரு கிராம் சர்க்கரை முழுக்கப் புளித்தால் ஏறக்குறைய அரை கிராம் கரியமில வாயு. கடைச் சோடாவில் லிட்டருக்கு 6 முதல் 8 கிராம்தான் இருக்கும், இங்கே நூறு கிராம் வரக் காத்திருக்கிறது. கண்ணாடிப் பாட்டிலை எவ்வளவு சுத்தம் செய்தாலும் இதைத் தாங்காது. ஆகவே பிளாஸ்டிக் பாட்டில், மேலே நாலு விரல் இடம். அழுத்திப் பார்த்துக் கல்லு மாதிரி ஆனதும் உடனே ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜில் ஈஸ்ட் தூங்கும், சாகாது. நெடுநேரம் கரண்ட் போனால் மறுபடி எழுந்து வேலை பார்க்கும், அப்போது மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வாயுவை விடுங்கள். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை புளித்தாலே 1 சதவீதம் ஆல்கஹால் என்பதால், நாளான பாட்டிலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

பழைய பாட்டில் சேகரிப்பவர்களுக்கு ஒன்று. பாரஃபின் (மண்ணெண்ணெய்), ஜிக், பூச்சிமருந்து ஊற்றி வைத்திருந்த பாட்டிலை எந்தக் கிருமிநீக்கியும் மீட்காது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை வந்தாலும், என்ன இருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாவிட்டாலும், குப்பைக்குத்தான். நீங்கள் கலந்த ஜிக் தண்ணீரையும் கூல்ட்ரிங்க் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.