அம்புக்குறி எந்தப் பக்கம்?

சாதாரண தர விஞ்ஞான விடைத்தாள்களில் நான் வருடா வருடம் காணும் பிழை ஒன்று இருக்கிறது. உணவுச்சங்கிலி வரையச் சொன்னால் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு என்று வரிசை சரியாக வரும். அம்புக்குறி மட்டும் திரும்பி நிற்கும். வெட்டுக்கிளிதானே புல்லைத் தின்கிறது, அப்போ அம்பு புல்லைப் பார்த்துத்தான் போகவேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். சக்தி எங்கிருந்து எங்கே போகிறது என்பதைத்தான் அம்பு காட்டுகிறது. புல்லில் இருந்த சக்தி வெட்டுக்கிளிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

கரும்பலகையில் எத்தனை தடவை சொன்னாலும் இது மனதில் நிற்பதில்லை. அதனால் இப்போது தரம் பத்துப் பிள்ளைகளை மட்டக்களப்பு வாவிக்கரைக்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

போன தடவை கண்டல் மரத்தடிச் சேற்றிலிருந்து ஒரு மாணவன் இலை ஒன்றை எடுத்தான். கறுத்து, வழவழவென்று, நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடை மாதிரி இருந்தது. “அழுகின இலைதானே சேர்” என்று எறியப் போனான். “எறியாதே மகன், திருப்பிப் பார்” என்றேன். பின்பக்கத்தில் அரிசிமணியை விடச் சின்னதாக, இறால் போல வளைந்த இரண்டு உயிர்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

கண்டல் இலையில் பெரும்பகுதி பச்சையாக இருக்கும்போது தின்னப்படுவதில்லை. உதிர்ந்த பிறகுதான் உணவாகிறது. நண்டு கிழிக்கிறது, பற்றீரியாவும் பங்கசும் பிரிகையடையச் செய்கின்றன. அந்தத் துணுக்குகளை இறால்குஞ்சும் சிறு மீனும் தின்கின்றன, மீனை நீர்க்காகம் பிடிக்கிறது. இறால் நம் கறிச்சட்டிக்கு வருகிறது. இப்படி அழுகவைக்கும் பிரிகையாக்கிகளைச் சங்கிலியின் கடைசியில் ஒட்டிவைக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள். இங்கே சங்கிலி தொடங்குவதே அழுகலில்தான்.

போசணை மட்டங்களுக்கிடையே, அதாவது உணவுச்சங்கிலியின் படிகளுக்கிடையே, சக்தி போவதைப் பற்றி 1942இல் எழுதிய சூழலியலாளர் ரேமண்ட் லிண்டெமனும் அமெரிக்காவில் ஒரு சிறிய ஏரியைப் பார்த்துத்தான் எழுதினார். அவர் வரைந்த உணவு வட்டத்தின் நடுவில் இருப்பது ஏரியின் அடிச்சேறு. ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏறத்தாழ 10 சதவீத சக்திதான் போகிறது என்று நாம் படிப்பிக்கிறோமே, அதற்கு அடித்தளம் போட்டது அந்த ஆய்வுதான். மிச்சச் சக்தியில் பெரும்பகுதி சுவாசத்தில் வெப்பமாகப் போய்விடும், திரும்பி வராது. நைதரசனும் பொசுபரசும் மட்டும் சேற்றுக்கும் உயிருக்குமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

சரி, அந்தச் சுற்றில் அளவு மீறினால்? வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் போடும் உரத்தில் ஒரு பங்கு மழையோடு வாவிக்கு வருகிறது. அதைத் தின்று பாசியும் ஆற்றுவாழையும் பெருகுகின்றன. அவை ஒரேயடியாகச் செத்து அழுகும்போது பற்றீரியா நீரிலுள்ள ஒட்சிசனை இழுத்துவிடுகிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இலையை இறாலுக்கு உணவாக்கிய அதே அழுகல்தான் இங்கே மீனுக்கு மூச்சுமுட்ட வைக்கிறது. அதோடு நாம் கட்டி எறியும் ஷொப்பிங் பேக் குப்பை வேறு. கண்டலின் சில இனங்கள் சேற்றுக்கு மேலே நீட்டியிருக்கும் மூச்சுவேர்களில் அது சிக்கிக் கிடப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

அடுத்த நாள் அந்த மாணவன் கொப்பியில் வரைந்த படத்தில் அழுகின இலைதான் முதலில் இருந்தது, அம்பும் இறாலைப் பார்த்தே நின்றது. நீர்க்காகத்திலிருந்து சேற்றுக்கு இன்னோர் அம்பு போட்டிருந்தான். “அதுவும் ஒருநாள் சாகும்தானே சேர்” என்றான்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளை வாவிக்கரையிலிருந்து கால் நிறையச் சேற்றோடு வீட்டுக்கு வந்தால் ஏசாதீர்கள். அங்கே என்ன பார்த்தாய் என்று முதலில் கேளுங்கள்.