உயிலை மாற்றலாம், பயப்படாதீர்கள்

"பதிவு செஞ்ச உயிலை மாத்த முடியாதாமே, சார்?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. முடியும். எழுதியவருக்குப் புத்தித் தெளிவு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதிவு செய்த பழைய உயிலைவிட, இரண்டு சாட்சிகளோடு முறையாக எழுதிய புதிய உயில்தான் செல்லும், அது பதிவாகாமல் இருந்தாலும் சரி. பதிவு கட்டாயமே இல்லை.

நம்பாதவர்கள் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வாழ்ந்த ஜார்ஜ் வித் (George Wythe) என்பவரின் கதையைக் கேளுங்கள். 1746இல் வழக்கறிஞரானவர், சட்டமன்ற உறுப்பினர், 1776 அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சட்டம் கற்பித்தவர், 1778 முதல், சொத்துத் தகராறு போன்றவற்றை விசாரித்த சான்சரி நீதிமன்றத்தின் நீதிபதி. ஊரார் சொத்துத் தகராறுகளைத் தீர்த்தவர் தன் உயிலில் சறுக்கினார்.

1803 உயிலில், தான் அடிமைத்தளையிலிருந்து விடுதலை செய்த லிடியா பிராட்நாக்ஸ், தன்னிடம் படித்த சிறுவன் மைக்கேல் பிரவுன் ஆகியோரின் பராமரிப்புக்கு வழி செய்தார். மீதி, கூடவே தங்கியிருந்த சகோதரியின் பேரன் ஜார்ஜ் ஸ்வீனிக்கு. 1806 தொடக்கத்தில் எழுதிய பின்னிணைப்பில் (உயிலைத் திருத்த அதோடு சேர்க்கும் பத்திரம்) மைக்கேலின் பங்கைக் கூட்டினார். வயதுக்கு வருமுன் மைக்கேல் இறந்தால் அதுவும் ஸ்வீனிக்கே என்றார். 'அவன் இறந்தால் இவனுக்கு' என்ற வரியை எழுதும்போது, அந்த 'இவன்' அதே வீட்டில் சாப்பிடுகிறானா என்று பாருங்கள்.

அதே ஆண்டு மே மாதக் கடைசியில் வித், மைக்கேல், லிடியா மூவரும் வாந்தியில் விழுந்தார்கள். காபியில் ஆர்சனிக் விஷம் என்று சந்தேகம். மைக்கேல் ஜூன் 1 அன்று இறந்தான், லிடியா பிழைத்தார். வித்தின் பெயரில் ஸ்வீனி கள்ளச் செக் போட்டதும் வெளிவந்தது. படுக்கையில் கிடந்த 80 வயதுக் கிழவர் என்ன செய்தார்? இன்னொரு பின்னிணைப்பு எழுதினார்: ஸ்வீனிக்கு எதுவும் இல்லை, அவன் பங்கு உடன்பிறந்தவர்களுக்கு. ஜூன் 8 அன்று இறந்தார்.

கொலை வழக்கில் ஸ்வீனி விடுதலை. வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல அன்றைய வர்ஜீனியச் சட்டம் விடவில்லை, லிடியாவின் வாய் அடைபட்டது. பிரேதப் பரிசோதனையும் உறுதியாக எதையும் சொல்லவில்லை. கொலையாளிக்குச் சொத்து போகாது என்று நம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறதுதான். முதலில் கொலை என்று நிரூபிக்க வேண்டுமே! வித்தின் சொத்தைக் காத்தது அந்தக் கடைசிப் பின்னிணைப்பு.

ஆகவே: உயிலில் இருப்பதை வீட்டில் வாசித்துக் காட்டாதீர்கள். செக் புத்தகத்தைப் பூட்டி வையுங்கள், பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். உடம்பு முடியாத நிலையில் மாற்றுவதானால் மருத்துவர் ஒருவரையே சாட்சியாக்குங்கள், புத்தி தெளிவாக இருந்தது என்று நாளை அவர் சொல்வார். தயவுசெய்து, புதிய உயிலில் பழையதன் தேதியைக் குறிப்பிட்டு அதை ரத்து செய்வதாக ஒரு வரி எழுதிவிடுங்கள்.