மருந்தே இல்லாமல் கிருமியைக் கொல்லும் இறக்கை

சில்வண்டின் இறக்கையில் விஷம் கிடையாது. ஆனாலும் அதில் வந்து ஒட்டும் சில பாக்டீரியாக்கள் நிமிடக்கணக்கில் செத்துப்போகின்றன.

ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர் எலீனா இவனோவாவின் குழு 2012-இல் இதை வெளியிட்டது. தண்ணீர் ஒட்டாத இறக்கை அது. கிருமியும் ஒட்டாது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் சூடோமோனாஸ் பாக்டீரியா அதில் தாராளமாக ஒட்டியது. ஒட்டிய ஒவ்வொன்றும் சுமார் 3 நிமிடத்தில் செத்தது.

எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இறக்கை முழுக்க மழுங்கிய கூம்புகள். உயரம் சுமார் 200 நானோமீட்டர்தான் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). பாக்டீரியாவின் நீளமோ 1000 நானோமீட்டருக்கு மேல். அதனால் ஒரே பாக்டீரியா பல கூம்புகளின் மேல் படுக்கிறது.

சரி, இறக்கையின் மேற்பூச்சில் இருக்கும் ஏதோ ஒரு ரசாயனம்தான் கொல்கிறதோ? அதைச் சோதிக்க, 10 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசினார்கள். ரசாயனம் தங்கத்துக்கு அடியில் மறைந்துவிட்டது, வடிவம் அப்படியே இருந்தது. பாக்டீரியா அப்போதும் செத்தது. இவ்வளவு எளிமையாக ஒரு சந்தேகத்தைத் தீர்த்த சோதனையை நான் அதிகம் பார்த்ததில்லை.

கூம்பு ஊசி மாதிரி குத்துகிறது என்று நினைத்துவிட வேண்டாம். பாக்டீரியாவின் சவ்வு கூம்புகளின் மேல் ஒட்டிக்கொண்டே கீழே இறங்குகிறது. இரண்டு கூம்புகளுக்கு நடுவே தொங்கும் பகுதி இழுபட்டு இழுபட்டு, கடைசியில் கிழிகிறது. ஒட்டும் பிடிப்பே அதற்கு எமனாகிறது. ஆன்டிபயாடிக்கிடமிருந்து தப்பிக்க பாக்டீரியா வைத்திருக்கும் ஆயுதங்கள், அதாவது மருந்தைச் சிதைக்கும் நொதியோ, மருந்தை வெளியே தள்ளும் பம்போ, இங்கே உதவாது.

தடித்த சுவர் கொண்ட ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இந்த இறக்கையில் தப்பிவிட்டன. தட்டானின் இறக்கையும், அதே பாணியில் சுமார் 500 நானோமீட்டர் உயர முனைகள் கொண்ட கருஞ்சிலிக்கானும் (மேற்பரப்பில் நுண்முனைகள் செதுக்கப்பட்டதால் கறுப்பாகத் தெரியும் சிலிக்கான்) அவற்றையும் கொன்றதாக 2013-இல் அதே குழு காட்டியது.

இது மிகவும் தேவைப்படும் இடம் செயற்கை மூட்டு. அதில் பாக்டீரியா படலமாகப் படிந்துவிட்டால் ஆன்டிபயாடிக் உள்ளே சரியாகப் போய்ச் சேராது; சில நேரம் மூட்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதனால் டைட்டானியத்தைச் சூடான காரக் கரைசலில் வைத்து, மேற்பரப்பில் நானோ முட்களை வளர்த்துப் பார்க்கிறார்கள். எலும்பு செல்கள் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரியவை, நெகிழ்வானவை. முட்களின் மேல் கிழியாமல் பரவ அவற்றால் முடிகிறது.

ரத்தத்தில் பரவிவிட்ட தொற்றை இந்த முட்களால் ஒன்றும் செய்ய முடியாது, தொட்டால்தான் கொல்லும். அப்புறம், செத்த பாக்டீரியாக்கள் முட்களின் மேல் குவிந்தால் அடுத்து வருபவை அந்தப் பிணங்களின் மேல் பத்திரமாக உட்கார்ந்துகொள்ளும். அந்தக் குப்பையைத் தானாகவே உதிர்த்துவிடும் பூச்சுகளை முட்களோடு சேர்க்க ஆய்வகங்களில் இப்போது முயன்றுவருகிறார்கள்.